முத்துப்பேச்சி கைச்சோறு

பாளையம்பட்டியில் பூமிநாதன் சேவுக்கடை எது என்று மதுரை பஸ் டிரைவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். பஸ் நிற்கும் இடத்தில்தான் கடை. சாயங்காலம் எண்ணெய்ச் சட்டி காய்ந்து முதல் ஈடு காராச்சேவு வெந்து வரும்போது, ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிற ஆட்களும் உண்டு. கடை அவன் அப்பா வைத்தது. அவர் போன பிறகு கடையையும் தம்பியையும் கட்டிக் காத்தவள் அக்கா ராக்கம்மாள். புருஷனை இழந்து பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள். தம்பிக்காகவே உயிர் வாழ்கிறாள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவளே சொல்லிவிடுவாள்.

அந்தத் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்தவள் முத்துப்பேச்சி. திருச்சுழிப் பக்கத்துப் பெண். தாய் இல்லாமல் வளர்ந்ததால் பாவாடை கட்டுகிற வயதிலேயே அடுப்படிக்கு வந்துவிட்டவள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. புருஷன் சாப்பிட்டு எழுந்திருக்கப் போகிற நேரத்தில், குழம்புச் சட்டியின் அடியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் புரட்டி, உருண்டை பிடித்து அவன் கையில் வைப்பாள். அந்த ஒரு உருண்டைக்காகவே பூமிநாதன் மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். அதுவரை அவனுக்கு மதியச் சோறு அக்கா வீட்டிலிருந்து தூக்குவாளியில் கடைக்கு வந்துகொண்டிருந்தது. தூக்குவாளி நின்றது. பூமிநாதன் நெஞ்சில் எதுவும் சிக்குவதற்கு ரொம்ப காலம் முன்பே, அக்கா நெஞ்சில் அது சிக்கிவிட்டது.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், அவனுக்கு முதலில் இட்லி நின்றது. ஒரு விள்ளல் விழுங்கினான். நெஞ்சுக்கு நடுவில் போய் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்த பிறகுதான் இறங்கியது.

“அவசரப்பட்டு முழுங்கினீகளாக்கும்” என்று முத்துப்பேச்சி முதுகைத் தடவினாள்.

அப்புறம் கறித்துண்டு நின்றது. அப்புறம் சோறு. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. விழுங்கும்போது நெஞ்சுக்குள் எரிந்து, வலி முதுகில் போய்க் குத்தியது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். இருமலும் இல்லை, சளியும் இல்லை. டவுனில் ஒரு டாக்டர் வாயு என்று சொல்லி மருந்து கொடுத்தார். வாயு போனதோ என்னமோ, உடம்பில் இருந்த சதை போனது. தீபாவளி வியாபாரத்தில் அவன் தொளதொளத்த சட்டையோடு நின்று சேவு தேய்ப்பதைப் பார்த்து, வாங்க வந்தவர்கள் சேவைக் கேட்பதற்கு முன்னால் உடம்பைத்தான் கேட்டார்கள்.

முத்துப்பேச்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். சோற்றைக் குழைய வடித்தாள். கேப்பைக் கூழைத் துணியில் வடிகட்டினாள். அவன் ஒரு வாய் விழுங்கும் வரைக்கும் தானும் எச்சில் விழுங்காமல் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இறங்கிவிட்டது என்று அவன் தலையாட்டினால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

நரிக்குடிக்கு அந்தப்பக்கம் ஒரு கிழவி இருந்தாள். இடுமருந்து எடுக்கிறவள். புருஷனைத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்ள பெண்டாட்டி சோற்றில் எதையாவது கலந்து கொடுப்பாள், அது உள்ளே போய் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும், எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்தால்தான் வெளியே வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கிழவி வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவாள், உள்ளே இருந்ததைத் துப்புவாள். அவளிடம் சில முறைகள் உண்டு. வெறும் வயிறாக வரவேண்டும். ஏற்கனவே வந்து போன ஆள் கூட்டிக்கொண்டு வந்தால்தான் தொடுவாள். பெண்டாட்டி கூட வரக்கூடாது. கடைசி முறை யாருக்குச் சௌகரியமோ தெரியாது, ராக்கம்மாளுக்குச் சௌகரியமாக இருந்தது.

ஏற்கனவே போய் வந்த ஒருத்தியைப் பிடித்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்த அக்கா, தம்பி வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் நின்றே வாழைச்சருகை விரித்தாள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். சருகில் கறுப்பாக ஒரு கட்டி, அதில் சுருண்ட மயிர்.

“பொம்பள கையால சோத்துல போனதாம். வீட்டுக்குள்ளயே இருக்காளாம். நான் யாரையும் சொல்லலத்தா, அந்தம்மா வாயில வந்ததச் சொல்றேன்.”

முத்துப்பேச்சி குனிந்து பார்த்தாள். விடிந்தால் புளி கரைக்கிறவளுக்குப் புளிச்சக்கையைத் தெரியாதா?

“மதினி, இது புளிச்சக்க. அதுல மசுரச் சுத்தியிருக்கு.”

“ஆமா, எதுல வச்சோம்னு வச்சவளுக்குத்தான தெரியும்” என்றாள் ராக்கம்மாள்.

தெருவே தலையை ஆட்டியது. முத்துப்பேச்சி புருஷனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூட்டம் கலைந்திருக்கும். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அக்கா பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போய்விட்டான். கிழவி கொடுத்த பாலும் பழமும் அன்றைக்கு எப்படியோ இறங்கிவிட்டது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் விழுந்த பழத்தைக் கையில் வைத்திருக்கிறவளிடம் யார் போய் அதைச் சொல்வது?

அதோடு அவன் வாய்க்கும் அவள் கைக்கும் இருந்த தொடர்பு விட்டுப்போனது. சாப்பாடு, படுக்கை எல்லாம் அக்கா வீட்டில். முத்துப்பேச்சி ஒரு ஆளுக்கு உலை வைத்தாள். ஒரு ஆளுக்குச் சோறாக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பானை எவ்வளவு பெரியது என்று. சாப்பிட்டு முடிக்கும்போது கை தன்னால் சட்டி அடியில் ஒரு பிடியைப் புரட்டி உருட்டும். உருட்டிய பிறகுதான் ஞாபகம் வரும். உருண்டையைத் திரும்பச் சட்டியிலேயே வைத்துவிட்டு அழுவாள். சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து அழக்கூடாது என்று எழுந்து போய்ப் பின்வாசலில் அழுவாள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பம்படியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். பக்கத்து வீட்டில் மாசமாக இருந்த பெண்ணுக்கு அக்கம்பக்கமெல்லாம் ஆளுக்கு ஒரு பலகாரம் செய்து கொண்டுபோனார்கள். அவளும் வெல்லம் போட்டுப் பணியாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். மறுநாள் குப்பைமேட்டில் அந்தப் பணியாரத்தைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவள் பம்படிக்கு யாரும் வராத உச்சி வெயிலில் போகப் பழகிக்கொண்டாள்.

தை மாதம் ஒரு விடியக்காலையில் பின்வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பூமிநாதன். வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். துண்டு நனைந்திருந்தது.

“பேச்சி, எச்சிகூட இறங்கல” என்றான்.

மறுபடி மருந்து எடுக்கக் கிழவியிடம் நாள் குறிக்க ராக்கம்மாள் நரிக்குடிக்குப் போயிருந்தாள். முத்துப்பேச்சி கதவைப் பூட்டினாள். முதல் மதுரை பஸ்ஸில் அவனை ஏற்றினாள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் வெள்ளையாக மாவு போல ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். வாய்வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் நடுவில் புண்ணும் சுருக்கமும் இருந்தது. துளியூண்டு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரட்டும் என்றார்கள். அந்த வார்டில் புற்றுநோய்க்காரர்கள் இருந்தார்கள். பூமிநாதன் அவர்களைப் பார்த்துத் தன் விதியைத் தானே எழுதிக்கொண்டான். மூக்கில் விட்ட குழாய் வழியாக அவள் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பேச்சி, நீ ஒண்ணும் வைக்கலன்னு எனக்குத் தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே தெரியும். கிழவி வாயில மொதல்லயே எதையோ அதக்கியிருந்தா. நான் பாத்தேன்.”

அவள் கஞ்சி ஊற்றுவதை நிறுத்தவில்லை. தெரியாமல் சும்மா இருந்தான் என்று நினைத்திருந்த வரைக்கும் அவளால் தாங்க முடிந்தது. தெரிந்தே சும்மா இருந்திருக்கிறான். “அக்காவ எதுத்து நான் என்னைக்குப் பேசியிருக்கேன்?” என்று அவன் அழுதான். சாகப்போகிறவனிடம் என்ன சண்டை என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் அவன் சாகப்போகவில்லை. சோதனை முடிவை வைத்துக்கொண்டு வந்த பெண் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“புற்றுநோய் இல்லம்மா. டி.பி. நுரையீரல்ல மட்டும்தான் வரும்னு இல்ல. இவருக்கு நெஞ்சுக்குள்ள நெறி கட்டி, அதுல இருந்து உணவுக்குழாய்க்கு வந்திருக்கு. அபூர்வமா இப்படியும் வரும். ஒம்பது மாசம் மாத்திர. ஒரு நாள் விடக்கூடாது. சளியில கிருமி இல்ல, அதனால மத்தவங்களுக்கு ஒட்டும்னு பயப்பட வேண்டாம்.”

முத்துப்பேச்சி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பூமிநாதன் முகத்தில்தான் ரத்தம் இல்லை. டாக்டர் போனதும் அவளை வராந்தா மூலைக்குக் கூட்டிப்போனான்.

“ஊர்ல யாருட்டயும் மூச்சு விடாத. அக்காட்டயும் சொல்லாத. திங்கிற பண்டம் விக்கிறவன் நான். டிபின்னு தெரிஞ்சா ஒரு பய கடைப்பக்கம் ஒதுங்குவானா?”

“ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாகள்ல?”

“அது டாக்டரம்மாவுக்குத் தெரியும். பாளையம்பட்டிக்குத் தெரியுமா? கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

பிழைத்தால் போதும் என்று இருந்தவள், அவன் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். அந்தச் சத்தியத்துக்குள் தன் பெயரும் கிடக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் தோன்றியது. மீனாட்சி கோயிலில் வேண்டுதல், அதுதான் மதுரையில் தங்கிவிட்டோம் என்று பூமிநாதன் சொல்லிவிட்டான். ராக்கம்மாளிடம் அதைவிட நல்ல கதை இருந்தது. அவர்கள் இல்லாதபோது தம்பி சட்டையைக் கொண்டுபோய்க் கிழவியிடம் கொடுத்தாளாம். கிழவி சட்டையில் குழலை வைத்து மிச்ச மருந்தையும் எடுத்துவிட்டாளாம். மாத்திரை ஒன்றொன்றாக வேலை செய்ய, பூமிநாதனுக்குக் கஞ்சி இறங்கியது, சோறு இறங்கியது, கன்னத்தில் சதை வந்தது. எல்லாம் கிழவி கணக்கில் போய்ச் சேர்ந்தது. “ஆமா, அக்காதான் காப்பாத்துச்சு” என்று கடையில் உட்கார்ந்து அவனே சொன்னான்.

ஊர் பார்க்கச் சாப்பாடு அக்கா வீட்டில், படுக்கை மட்டும் தன் வீட்டில் என்று அவன் வைத்துக்கொண்டான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டால் அவன் வேறு ஆள். விடிந்ததும் வெறும் வயிற்றில் அவள் மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பாள். மூத்திரம் சிவப்பாகப் போகிறதே என்று பயந்தவனுக்கு, மாத்திரை அப்படித்தான் போகும் என்று டாக்டரம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். சட்டியடி உருண்டையையும் வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் யாராவது வாசலில் கூப்பிட்டால் வாயில் இருப்பதை அவசரமாக விழுங்கிவிட்டுத்தான் கதவைத் திறப்பான். திருட்டுச் சோறு தின்கிறவன் மாதிரி. தன் கைச்சோறு திருட்டுச் சோறாகிவிட்டதே என்று முத்துப்பேச்சிக்கு வயிறு எரிந்தது.

வைகாசியில் ராக்கம்மாள் குலசாமிக்குக் கிடாய் வெட்டினாள், தம்பியைப் பிழைக்க வைத்ததற்கு. கோயில் பொட்டலில் அடுப்புகள் எரிந்தன. முத்துப்பேச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாள்மணைப் பக்கம் போனாள்.

“நீ அங்கிட்டு உக்காருத்தா. ஊருச்சனம் திங்கிற சோறு” என்றாள் ராக்கம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலில் நிற்காதே என்று சொல்வது போலச் சொன்னாள்.

அவள் போய் வேலமரத்தடியில் உட்கார்ந்தாள். பந்தி போட்டார்கள். முதல் இலை பூமிநாதனுக்கு. அவன் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி மரத்தடியைப் பார்த்தான். சொல்லப்போகிறான் என்று அவள் பாதி எழுந்தாள். எதுவும் வேண்டாம், ‘பேச்சி, இங்க வந்து நீ பரிமாறு’ என்று ஒரு சொல் சொன்னால்கூடப் போதும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நல்லியெலும்பை எடுத்து உறிஞ்சினான். கறியை மென்று விழுங்கினான். அவனுக்கு இப்போது எல்லாம் நன்றாக இறங்கியது. அவளுக்குத்தான் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஐப்பசியில் மாத்திரை முடிந்தது. மதுரையில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, புண் ஆறிவிட்டது, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இனி சொல்லுவான், நோய்தான் போய்விட்டதே என்று காத்திருந்தாள். நோய் போனால் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவன் இருந்துவிட்டான்.

கார்த்திகையில் ஒரு நாள், மழை பெய்யாமல் ஏமாற்றிய மதியம். பஸ் நிற்கும் இடத்துப் பம்பில் முத்துப்பேச்சி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். சாலைக்கு இந்தப்பக்கம் அருப்புக்கோட்டை டவுன் பஸ் நிற்கும். அந்தப்பக்கம் மதுரை பஸ். டவுன் பஸ்ஸிலிருந்து வயதான அம்மா ஒருத்தியும், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவனும் இறங்கினார்கள். லோடு தூக்குகிறவன் போல அகன்ற தோள். தோளில் சதை மட்டும் இல்லை. வேப்பமரத்தடியில் அப்படியே குத்தவைத்தான். வாயில் துண்டு. நனைந்த துண்டு.

அந்தத் துண்டை முத்துப்பேச்சிக்குத் தெரியும். குடம் நிரம்பி வழிந்தது.

“பெரியம்மா, எங்கிட்டிருந்து வாரீக?”

“குமாரலிங்கபுரம் தாயி. நான் பிச்சையம்மா, இவன் என் மகன் பால்பாண்டி. சேவுக்கடைக்காரருக்கு நரிக்குடியில மருந்து எடுத்துச் சரியாச்சாம்ல? தெரிஞ்ச ஆளு கூட்டிட்டுப் போனாத்தான் அந்தம்மா தொடுமாம். அவுக அக்காவக் கும்பிட்டுக் கேக்கலாம்னு வந்தேன்.” குரலைத் தாழ்த்தினாள். “மருமக வச்சுட்டா. வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்தா. நேத்துத்தான் அவ அப்பன் வீட்டுக்கு வெரட்டிவிட்டேன்.”

முத்துப்பேச்சி பால்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தம்பி, மொதல்ல இட்லி நின்னுச்சா?”

அவன் தலையாட்டினான்.

“அப்புறம் சோறு? முழுங்கினா முதுகுல போய்க் குத்துதா?”

துண்டை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். “ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

தனக்காக என்றால் இன்னும் பத்து வருஷம்கூட வாயைத் திறந்திருக்க மாட்டாள். யாரோ ஒருத்தி தகப்பன் வீட்டில், ஒன்றும் புரியாமல், ஒரு ஆளுக்கு உலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தப் பிள்ளை நரிக்குடிக்கும் வீட்டுக்கும் நடந்தே செத்துப்போவான். எழுந்து நேராகக் கடை முன்னால் போய் நின்றாள். பூமிநாதன் சேவு தேய்த்துக்கொண்டிருந்தான். ராக்கம்மாள் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பேர் வாங்க நின்றார்கள்.

“ஏங்க, அந்தப் பிள்ளைக்கும் எச்சி இறங்கலையாம். எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்க” என்றாள்.

அவன் நிமிரவில்லை. மாவைத் தேய்க்கிற கை மட்டும் நின்றது.

“சொல்லுங்க. ஒங்க வாயால சொன்னா நம்புவாக.”

“வீட்டுக்குப் போ பேச்சி.”

“சரி, நானே சொல்றேன். இவுகளுக்கு வந்தது டிபி. சோறு போற குழாய்ல வந்த டிபி. மதுரையில குழாய் விட்டுப் பாத்து, ஒம்பது மாசம் மாத்திர தின்னு சரியாச்சு. நரிக்குடியில எடுத்தது புளிச்சக்க.”

சேவை வாயில் போடப்போன ஒருவன் கையைக் கீழே இறக்கினான். ராக்கம்மாள் தம்பியைப் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. கையிலிருந்த பொட்டலம் பாதி மடிப்பில் நின்றது.

பூமிநாதன் கரண்டியைத் தட்டி வைத்தான். “அவளுக்குக் கிறுக்கு” என்றான். “மதுரைக்கு நான் கோயிலுக்குத்தான் போனேன். டிபியும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரும் நம்பாதீக.”

ராக்கம்மாள் பொட்டலத்தை மடித்து முடித்தாள். “மருந்து வச்சவ வேற எப்படிப் பேசுவா? நீங்க இப்பிடி வாங்கம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்.”

பிச்சையம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாவம், எந்த வாயை நம்புவாள்? பால்பாண்டிதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“அம்மா, மதுரைக்குப் போவோம். அந்தக்கா கேட்டது அம்புட்டும் எனக்கு நடக்குது. கடைக்காரரு என்னைய ஒரு தடவகூட நிமிந்து பாக்கல. பொய் சொல்றவக யாருன்னு தெரியுதுல்ல?”

முத்துப்பேச்சி அவன் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தாள். நிரம்பிய குடம் பம்படியிலேயே நின்றது. “ஒனக்கும் அதேதான்னு எனக்குத் தெரியாது தம்பி, வேறயாவும் இருக்கலாம். குழாய் விட்டுப் பாத்தாத் தெரிஞ்சுரும். எந்த வார்டு, யாரப் பாக்கணும்னு நான் காட்டுறேன்” என்றாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பூமிநாதன் வந்து நின்றான். கையெல்லாம் கடலைமாவு. கடையில் நின்றவர்கள் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பேச்சி, தப்பா எடுத்துக்காத. சீக்கிரம் வந்துரு” என்றான் மெதுவாக.

“சத்தமாச் சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல?”

“மதுரையில எங்கிட்டச் சொன்னீகள்ல, நீ ஒண்ணும் வைக்கலன்னு. அத. அங்க நிக்கிறவுகளுக்குக் கேக்குற மாதிரி.”

அவன் திரும்பிக் கடையைப் பார்த்தான். எண்ணெய்ச் சட்டி காய்ந்து புகைந்தது. அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்குவதை முத்துப்பேச்சி பார்த்தாள். அந்தத் தொண்டையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்! அவன் கையிலிருந்த மாவை வேட்டியில் துடைத்தான். டிரைவர் ஏறினார். பஸ் நகர்ந்தது. அவன் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து நின்றுவிட்டான்.

திரும்பிப் போவாளா என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டிருந்த சேலையோடு வந்திருந்தாள். வெளியே கரிசல் காடு காய்ந்து கிடந்தது. உலகத்தில் தனக்கென்று யாரும் இல்லை என்று அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. அழுகை வரவில்லை.

காரியாபட்டி தாண்டியதும் பால்பாண்டிக்குத் தலை தொங்கியது. பிச்சையம்மாள் தூக்குவாளியைத் திறந்து கஞ்சியைக் கொடுக்கப் பார்த்தாள். கை நடுங்கி மடியெல்லாம் கொட்டியது.

“நான் குடுக்கட்டுமா பெரியம்மா?” என்று கேட்ட பிறகுதான் முத்துப்பேச்சிக்கு உறைத்தது. ‘மருந்து வச்சவ’ என்று கடையில் சொன்னது இவள் காதிலும் விழுந்திருக்கும். நீட்டிய கையை மடக்கிக்கொள்ளப் போனாள்.

பிச்சையம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள். தூக்குவாளியை அவள் மடியில் வைத்துவிட்டாள்.

முத்துப்பேச்சி ஜன்னலுக்கு வெளியே கையைக் கழுவினாள். கஞ்சிச் சோற்றை ஒரு பருக்கைகூட முழுசாக இல்லாமல் விரலால் மசித்தாள். துளி எடுத்து வாயில் கொடுத்து, முதுகைத் தடவி, அவன் தொண்டையைப் பார்த்தாள். காத்திருந்தாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டான், பிறகு தலையாட்டினான். இறங்கிவிட்டது. அடுத்த துளியை எடுத்தாள்.

பாதிக் கஞ்சி போனதும் போதும் என்றான். பிச்சையம்மாள் அதுவரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள். புளிச்சோறு.

“காலையில கட்டுனது தாயி. இவன் திங்காம எனக்கும் இறங்கல. என் கை நிக்க மாட்டேங்குது. நீயே ஒரு உருண்டை உருட்டிக் குடு” என்று சொல்லி உள்ளங்கையை நீட்டினாள்.

முத்துப்பேச்சி உருட்டினாள். அந்தக் கையில் வைத்தாள். பிச்சையம்மாள் அதை வாயில் போட்டுக்கொண்டு, மென்று, விழுங்கி, மறுபடியும் கையை நீட்டினாள். அப்போதுதான் முத்துப்பேச்சிக்கு அழுகை வந்தது. சோற்றில் விழாமல் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த உருண்டையை உருட்டினாள்.